நெட்வொர்க் பிளேயரில் பாட்டு தடுமாறுகிறதா? இடைவெளியைக் கேட்டுப் பழுதைப் பிடியுங்கள்

வீட்டு நெட்வொர்க் வழியாகப் பாட்டை எடுத்து ஓட்டும் நெட்வொர்க் மியூசிக் பிளேயரில் வரும் பெரும்பாலான நேரப் பிழைகளுக்கு வேர் மூன்றுதான். டேட்டா நேரத்துக்கு வந்து சேரவில்லை. அல்லது இரண்டு கருவிகளின் கிளாக் (வேகத்தை அளந்து கொடுக்கும் உள் கடிகாரம்) ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அல்லது பாட்டு தவறான சாம்பிள் ரேட்டில் (ஒலி நொடிக்கு எத்தனை துண்டாக, அதாவது சாம்பிளாக, பதிவாகியிருக்கிறது என்ற எண்) ஓடுகிறது. மூன்றுமே காதுக்கு ‘சரியா வரலை’ என்றுதான் படும். பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிழை எந்த இடைவெளியில் வருகிறது என்று கவனித்தால் போதும். தாறுமாறாக வந்தால் டேட்டா பக்கம் பாருங்கள். எண்ணி வைத்ததுபோல் வந்தால் கிளாக். தடங்கலே இல்லாமல் பாட்டு முழுக்க வேகம் மாறியிருந்தால் சாம்பிள் ரேட்.

இந்த ஒன்றைக் கவனிக்காமல் நேராகக் கேபிள் வாங்கக் கிளம்புவதுதான் பலரும் செய்வது. கேபிளால் தீரும் பழுதும் உண்டு, ஆனால் பட்டியலில் அது எங்கேயோ கீழே இருக்கிறது.

சோதனைக்குப் பாட்டு உதவாது. மிருதங்கச் சொல்லுக்குள் ஒரு ‘டிக்’ ஒளிந்துகொண்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆடாசிட்டி மென்பொருளில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் டோன் 10 நிமிடத்துக்கு உருவாக்கி, 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒன்றும் 48 கிலோஹெர்ட்ஸில் ஒன்றுமாக ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வகை) கோப்புகளாகச் சேமியுங்கள். அளவு மைனஸ் 12 டெசிபல் இருக்கட்டும். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து வைத்தே ஓட்டுங்கள், தொடர்ந்து வரும் டோன் ட்வீட்டரைச் சுடும். சீரான ‘ஊ’ ஒலியில் ஒரு சாம்பிள் விட்டாலும் பளிச்சென்று கேட்கும். கைபேசியின் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, தடங்கல் வந்த நேரங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, பிளேயரிலேயே நேரடியாகச் செருகி ஓட்டுங்கள். அப்போதும் தடங்கல் வந்தால் நெட்வொர்க்கின் மேல் பழியில்லை. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

தாறுமாறாக நிற்கிறது, திக்குகிறது

பிளேயருக்குள் இருக்கும் பஃபர், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் தொட்டி வற்றாதவரை குழாயில் தண்ணீர் சீராகத்தான் வரும். நெட்வொர்க்கில் பாக்கெட்டுகள் (டேட்டாவின் சிறு பொட்டலங்கள்) முன்பின்னாக வருவது ஸ்பீக்கர்வரை போய்ச் சேராததற்குக் காரணம் இதுதான். பஃபர் முழுக்கக் காலியான நொடியில் மட்டும் ஒலி நிற்கும்.

காலியாக எவ்வளவு நேரம் ஆகும் என்பது கோப்பைப் பொறுத்தது. எம்பிடி என்ற மென்பொருளின் அடிப்படையிலான பிளேயர்களில் வழக்கமாக இருக்கும் 4 மெகாபைட் பஃபரை எடுத்துக்கொள்வோம். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு அது ஏறத்தாழ 24 விநாடி தாங்கும். 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 32 பிட்டாக விரித்து வைத்தால் அதே பஃபர் 2.7 விநாடிதான். ‘பழைய பாட்டெல்லாம் நன்றாக ஓடுகிறது, ஹைரெஸ் (உயர் சாம்பிள் ரேட் கோப்பு) மட்டும் திக்குகிறது’ என்றால் விளக்கம் இதில் இருக்கிறது. பஃபரை 16 அல்லது 32 மெகாபைட்டாக ஏற்றுங்கள். ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினிக்குக்கூட அது ஒரு சுமையே இல்லை.

நெட்வொர்க்கின் வேகம் பெரும்பாலும் காரணமாக இருக்காது. சுருக்காத சிடி தரத்துக்கே நொடிக்கு 1.41 மெகாபிட் போதும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸுக்கு 9.2 மெகாபிட். 100 மெகாபிட் லேனில் (கம்பி நெட்வொர்க்) இதெல்லாம் ஒரு ஓரத்தில் அடங்கிவிடும். கெடுப்பது இடையிடையே வரும் தேக்கம். பிளேயரிலிருந்து ரவுட்டருக்குப் பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்ற சோதனை) போட்டுப் பாருங்கள். கம்பி வழியில் 1 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். வைஃபையில் 2 முதல் 10 வரை ஏறி இறங்கலாம். நடுநடுவே 200, 800 என்று குதித்தால் ஆளைப் பிடித்துவிட்டோம்.

வைஃபையில் முதலில் பார்க்க வேண்டியது பவர் சேவ். ராஸ்பெரி பையின் உள் வைஃபையில் இது தானாகவே இயங்கும் நிலையில் வரும். சிப் தூங்கி விழிக்கும் ஒவ்வொரு முறையும் பாக்கெட் காத்துக்கிடக்கும். அணைத்துவிடுங்கள். ரீபூட் ஆனதும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள், பல நேரம் திரும்பிவிடும். அடுத்தது சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. முத்தியால்பேட்டை, மஞ்சக்குப்பம் போன்ற நெருக்கமான தெருக்களில் கைபேசியில் ஸ்கேன் செய்தால் இருபது வீட்டு ரவுட்டர்கள் வரிசையாகத் தெரியும். இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததைக் கையால் அமையுங்கள், ‘ஆட்டோ’வில் விடாதீர்கள்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது நல்லதுதான், சுவர் விட்டால். புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளின் தடித்த செங்கல், சுண்ணாம்புச் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஓய்ந்துவிடும். அங்கே ரிப்பீட்டர் வைப்பதைவிட ஒரே ஒரு கேட்5இ கேபிளைக் கதவு ஓரமாக இழுத்துவிடுவது மேல். ரிப்பீட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு தடவை காற்றில் அனுப்புகிறது.

பலரும் எதிர்பாராத ஒரு குற்றவாளி யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். அதன் கேபிளும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கக்கும். பாட்டு இருக்கும் டிஸ்க் பிளேயரின் ஆன்டெனாவுக்கு ஒட்டினாற்போல் இருந்தால், அது இயங்கும்போதெல்லாம் வைஃபை திணறும். அரை மீட்டர் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றினாலும் சரி, பாட்டு ஓட்ட அந்த வேகமே தாராளம். ராஸ்பெரி பை 3 பி பிளஸ் வரையுள்ள மாடல்களில் வேறொரு சிக்கல்: லேன் போர்ட்டும் எல்லா யூஎஸ்பி போர்ட்டும் ஒரே யூஎஸ்பி 2 பாதையைப் பங்குபோடுகின்றன. டிஸ்க்கும் யூஎஸ்பி டிஏசியும் (டிஜிட்டல் டேட்டாவை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) லேனும் சேர்ந்து ஓடும்போது அங்கே நெரிசல். பை 4-லிருந்து லேனுக்குத் தனிப் பாதை வந்துவிட்டது.

மின்கம்பி வழியாக நெட்வொர்க் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் வைத்திருந்தால், மிக்சி போடும் நேரத்தையும் பாட்டு நிற்கும் நேரத்தையும் ஒத்துப்பாருங்கள். மேற்கொண்டு சோதனை தேவைப்படாது.

அடுத்து மின்சாரமும் வெப்பமும். ராஸ்பெரி பைக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை பதிவாகும், வேகமும் குறையும். கைபேசி சார்ஜரும் மெல்லிய கேபிளும் சேர்ந்தால் இது சர்வசாதாரணம். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும், அதுவும் கேபிள் பிரியாமல் சேர்ந்தே வருவதாக இருந்தால் நல்லது. பிராசசர் 80 டிகிரியைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மூடிய டிவி அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் பிளேயர் மதியம் மட்டும் திக்கி, இரவில் நன்றாக ஓடினால், அலமாரிக் கதவைத் திறந்துவைத்து ஒரு நாள் பாருங்கள். சாம்பிள் ரேட்டை மென்பொருளில் உயர்த்தும் அமைப்பு ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். பிராசசரைச் சூடாக்குவதில் அதற்குத்தான் பெரிய பங்கு.

கடைசியாக உப்புக்காற்று. தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று கடலுக்குப் பக்கத்து வீடுகளில் லேன் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டுத் தகடுகளும் மஞ்சளாக மின்ன வேண்டும். நுனியில் பச்சைக் களிம்போ கறுப்புப் புள்ளியோ இருந்தால் இணைப்பு 100 மெகாபிட்டிலிருந்து 10-க்கு இறங்கும், அல்லது சில நொடிக்கு அறுந்து மறுபடி ஒட்டும். போர்ட்டின் விளக்கு பாட்டு ஓடும்போதே அணைந்து எரிவதுதான் இதற்கு அடையாளம். பிளக்கை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள், சுரண்டித் துடைப்பது நாலு வாரம்கூடத் தாங்காது. ரவுட்டர் பக்கத்து சாக்கெட்டுக்குள் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ் போதும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு.

எண்ணி வைத்ததுபோல் ‘டிக்… டிக்…’

தாளில் குறித்த நேரங்களுக்கு இடையே ஒரே இடைவெளி இருந்தால், கடைசியில் சொல்லும் ஒரு விலக்கைத் தவிர, நெட்வொர்க்கை மறந்துவிடுங்கள். இரண்டு கிளாக்குகள் மோதுகின்றன.

குவார்ட்ஸ் கிரிஸ்டல் எதுவும் எழுதியிருக்கும் வேகத்தில் அச்சாக ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு விலகல் என்பது மலிவான கிரிஸ்டலில் சாதாரணம். இரு கருவிகளுக்கு இடையே அவ்வளவு வித்தியாசம் இருந்தால், 44,100 சாம்பிள் ஓடும் ஒரு நொடியில் 2.2 சாம்பிள் கூடும் அல்லது குறையும். நொடிக்கு இரண்டு ‘டிக்’. வித்தியாசம் 10 பங்காக இருந்தால் 2.3 நொடிக்கு ஒன்று. இடைவெளியை வைத்துக் கிளாக்குகளின் விலகலையே கணக்கிட்டுவிடலாம். கருவி சூடேறியதும் கிரிஸ்டல் கொஞ்சம் நகரும் என்பதால், இடைவெளி அரை மணியில் மெதுவாக மாறினால் சந்தேகமே வேண்டாம்.

இது அதிகம் நடப்பது கல்யாண மண்டபத்திலும் சபாவிலும். பிளேயரின் எஸ்பிடிஃப் (ஒலியை டிஜிட்டலாகவே அனுப்பும் இணைப்பு) வெளியீட்டை டிஜிட்டல் மிக்சரிலோ ஆடியோ இன்டர்ஃபேஸிலோ செருகியிருப்பார்கள், மிக்சரின் கிளாக் ‘இன்டர்னல்’ என்று இருக்கும். பிளேயர் தன் வேகத்தில் அனுப்ப, மிக்சர் தன் வேகத்தில் படிக்கிறது. தீர்வு இரண்டு. மிக்சரின் கிளாக் சோர்ஸை அந்த எஸ்பிடிஃப் உள்ளீட்டுக்கு மாற்றுவது ஒன்று. ஆனால் நிகழ்ச்சி நடுவில் யாராவது பிளேயரை அணைத்தால் மிக்சரே தடுமாறும். அதனால் மேடையில் நாங்கள் சொல்வது இரண்டாவது: அந்த உள்ளீட்டுக்கு மட்டும் சாம்பிள் ரேட் கன்வெர்ட்டரை இயக்குவது. அந்த வசதி மிக்சரில் இல்லையென்றால் அனலாக் கம்பியில் கொடுத்துவிடுங்கள், கேட்பவர் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

டான்டே (லேன் வழியே ஒலியை அனுப்பும் முறை) நெட்வொர்க்கில் ஓடும் அரங்கமாக இருந்தால், எல்லாக் கருவிக்கும் ஒரே தலைமைக் கிளாக் இருக்கிறதா என்று டான்டே கன்ட்ரோலரில் பாருங்கள். தலைமை அடிக்கடி கைமாறினால் பெரும்பாலும் ஸ்விட்சில்தான் கோளாறு. மின்சாரம் மிச்சப்படுத்தும் ‘கிரீன் ஈதர்நெட்’ வசதி போர்ட்டைத் தூங்கவைத்துக் கிளாக் பாக்கெட்டைத் தாமதப்படுத்தும். அதை அணைக்க முடியாத ஸ்விட்ச் இந்த வேலைக்கு ஆகாது.

வீட்டில் யூஎஸ்பி டிஏசி என்றால் இந்தத் தொல்லை அபூர்வம். அசின்க்ரோனஸ் வகை டிஏசி தானே கிளாக் வைத்துக்கொண்டு, ‘இன்னும் கொஞ்சம் அனுப்பு, கொஞ்சம் குறைத்து அனுப்பு’ என்று பிளேயருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பழைய அடாப்டிவ் வகை அப்படிச் சொல்லாது, வருவதைத் துரத்தும். ஒரே பிளேயரில் இரண்டு யூஎஸ்பி டிஏசியை இணைத்து ஒன்றாக ஓட்டினால் மட்டும், கிளாக் விலகலைத் திருத்தும் டிரிஃப்ட் கரெக்‌ஷன் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்பிடிஃப் வழியே டிஏசிக்குப் போகும்போது அபூர்வமாக, ஒழுங்கில்லாமல் மெல்லிய ‘சிட்’ கேட்டால், வரும் கிளாக்கைப் பிடித்துக்கொள்வதில் டிஏசி தடுமாறுகிறது. ஈஎஸ்எஸ் சேபர் சிப் உள்ள பல டிஏசிகளின் மெனுவில் டிபிஎல்எல் பேண்ட்விட்த் என்று ஒன்று இருக்கும், வரும் கிளாக்கின் விலகலை எவ்வளவு தூரம் ஏற்பது என்ற அமைப்பு அது. ஒரு படி அகலமாக்குங்கள். நின்றுவிட்டால் அங்கேயே விடுங்கள். கோஆக்ஸியலில் 75 ஓம் கேபிள் வேண்டும். டிவி கேபிளில் ஆர்சிஏ பிளக் வைத்துக்கொண்டாலே போதுமானது. ஆப்டிகலில் 96 கிலோஹெர்ட்ஸ் வரை நம்பலாம், 192 ஓடினால் அதிர்ஷ்டம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிசிஎம்5102 டிஏசி சிப் போர்டை ராஸ்பெரி பையில் இணைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த சிப்பின் எஸ்சிகே கால் தரையோடு இணைந்திருக்க வேண்டும். அப்போதுதான் பிட் கிளாக்கிலிருந்து தன் கிளாக்கைத் தானே உருவாக்கும். அந்தரத்தில் விட்டால் கரகரப்பு வரும், அல்லது ஒலியே வராது. போர்டில் எஸ்சிகே என்று எழுதிய இடத்தில் இரண்டு சின்னத் திட்டுகள் இருக்கும், ஒரு சொட்டு ஈயம் வைத்து இணைத்தால் வேலை முடிந்தது.

கணக்காக வந்தும் கிளாக் பிழையாக இல்லாதது ஒன்று உண்டு. வைஃபை அடாப்டர் வேறு ரவுட்டர் இருக்கிறதா என்று ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தேடும்போது ஒலி ஒரு கணம் அறும். கிளாக் வழுக்கலில் கேட்பது ‘டிக்’. இதில் கேட்பது சின்ன மௌனம். டோன் ஓடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை.

நாளுக்கு ஒன்றிரண்டு தடவை, இணைய வானொலியில் மட்டும்

சொந்தக் கோப்பை ஓட்டும்போது பிளேயர் தனக்கு வேண்டியதைக் கேட்டு இழுத்துக்கொள்கிறது. நேரலையில் நிலையம் தன் கிளாக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும், இழுக்க முடியாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசமும் 1 விநாடி பஃபரும் இருந்தால், உங்கள் பக்கம் வேகம் அதிகம் என்ற நிலையில் 20,000 விநாடியில், அதாவது ஐந்தரை மணி நேரத்தில், பஃபர் காலியாகும். காலையில் கடை திறந்ததும் போட்டுவிட்டு இரவுவரை ஓடவிடும் டீக்கடையில் நாளுக்கு இரண்டு முறை நிற்பதன் கணக்கு இது. பஃபரை 5 விநாடியாக்கினால் 27 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கடை அதற்குள் மூடிவிடும்.

சுருதி ஏறியிருக்கிறது, அல்லது இறங்கியிருக்கிறது

சுருதிப் பெட்டி இருந்தால் போதும். கலைஞர் எந்தக் கட்டையில் பாடினார் என்று தெரிந்த பதிவை ஓட்டுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பு 48-ல் ஓடினால் வேகம் 8.8 சதவீதம் கூடும், சுருதி ஏறத்தாழ ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறும். 5 கட்டையில் பாடியது ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே போய் நிற்கும், எந்தக் கட்டையிலும் சேராமல். 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 விநாடியில் முடியும். எதிர்ப்பக்கம், 48 கோப்பு 44.1-ல் ஓடினால் 5 கட்டை நாலுக்கும் நாலரைக்கும் நடுவே இறங்கும், 4 நிமிடம் 4 நிமிடம் 21 விநாடியாக நீளும். நேரத்தை ஸ்டாப்வாட்சில் பாருங்கள், பிளேயர் திரையை நம்பாதீர்கள். அது கோப்பில் எழுதியிருக்கும் நேரத்தைத்தான் காட்டும்.

ஒரே ஒரு கோப்பு மட்டும் அப்படியென்றால் பிளேயரில் பழுதில்லை. பழைய கேசட்டை மாற்றும்போதே டெக் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருக்கும். 44.1 வகைக் கோப்புகள் எல்லாம் ஏறி, 48 வகை எல்லாம் சரியாக இருந்தால், போர்டில் 48 குடும்பத்துக்கான கிரிஸ்டல் மட்டும் இருக்கிறது, அல்லது வெளியீடு 48-ல் பூட்டியிருந்தும் ரீசாம்பிளிங் (சாம்பிள் ரேட்டை மாற்றிக் கொடுக்கும் வசதி) அணைந்திருக்கிறது. நல்ல போர்டில் 22.5792 மெகாஹெர்ட்ஸ் ஒன்று, 24.576 மெகாஹெர்ட்ஸ் ஒன்று என இரண்டு கிரிஸ்டல் இருக்கும். மேலே எழுதியிருப்பதைக் கண்ணாலேயே படிக்கலாம். ஒரே கிரிஸ்டல் என்றால் பிளேயர் அமைப்பில் ரீசாம்பிளிங்கை இயக்கி 48-ல் நிறுத்துங்கள்.

ராஸ்பெரி பையின்மேல் செருகும் டிஏசி போர்டாக இருந்தால், பிளேயர் அமைப்பில் அதே போர்டின் பெயர்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘கிட்டத்தட்ட அதே மாதிரி’ என்று பக்கத்துப் பெயரைத் தேர்ந்தால், கிளாக்கை யார் கொடுப்பது, பையா போர்டா என்பதிலேயே குழப்பம் வரும். மாற்றியபின் ரீபூட் செய்தால்தான் அமலாகும். சரியாக இரண்டு மடங்கு வேகமென்றால், மோனோ பதிவை ஸ்டீரியோவாகப் படிக்கிறது.

பாட்டின் முதல் சொல் காணோம்

சாம்பிள் ரேட் மாறும்போது டிஏசி புதிய கிளாக்கைப் பிடித்துக்கொள்ள அரை முதல் இரண்டு நொடிவரை எடுக்கும், அதுவரை வாயை மூடிக்கொள்ளும். 44.1, 48, 96 கலந்த பட்டியலில் பாட்டு மாறும் இடத்தில் ‘டக்’ என்று ரிலே சத்தமும் கேட்டால் இதுதான். வெளியீட்டை ஒரே ரேட்டில் நிறுத்துவது சுலபம். அப்படிச் செய்ய மனமில்லாதவர்கள், பாட்டுக்கு முன் 1 விநாடி மௌனம் சேர்க்கும் வசதி பிளேயரில் இருந்தால் அதை இயக்கலாம். பட்டியலின் முதல் பாட்டில் மட்டும் சொல் விழுந்தால் டிஏசி தூங்கிப்போயிருக்கிறது. அதன் ஆட்டோ ஸ்டேண்ட்பையை அணையுங்கள்.

ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் ஓர் இடைவெளி

ஒரே மூச்சில் நடந்த கச்சேரியைத் தடம் தடமாக வெட்டிய சிடிகளில் தம்பூரா அறுபட்டு ஒட்டும். எம்பி3 ஆக்கும்போதும் திரும்பப் படிக்கும்போதும் சேர்ந்து, தொடக்கத்தில் குறைந்தது 1,105 சாம்பிள், 25 மில்லிசெகண்ட் வெறுமை உட்காரும், முடிவிலும் கொஞ்சம் சேரும். அந்த அளவைக் கோப்பில் குறித்து வைத்திருந்தால் நல்ல பிளேயர் வெட்டிவிடும். குறிக்காத கோப்புக்கு மருந்தில்லை. சிடி கையில் இருந்தால் ஃபிளாக்காக மறுபடி எடுங்கள். ஃபிளாக்கிலும் இடைவெளி வந்தால், டிஎல்என்ஏ (வீட்டுக் கருவிகள் பாட்டைப் பகிரும் முறை) வழியில் கைபேசிச் செயலி அடுத்த பாட்டை முன்கூட்டியே பிளேயருக்குச் சொல்லாமல், முடிந்தபிறகு சொல்கிறது. செயலியை மாற்றுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடை இயக்கி மறைப்பது தம்பூராவுக்கு ஒத்துவராது, இரண்டு சுருதி ஒன்றன்மேல் ஒன்று மோதும்.

மின்சாரம் போய் வந்தபின் எல்லாம் குழப்பம்

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் தானாக வரும். பிளேயர் அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறது; ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகிறது. அதற்குள் பிளேயர் பாட்டுக் கோப்பகத்தைத் தேடி, கிடைக்காமல் விட்டுவிடும். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வைத்தால் பிரச்சினை அங்கேயே முடியும். வாங்குமுன் இரண்டின் அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள், சில ரவுட்டர்கள் 9 வோல்ட். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனால், பின்பக்க ஸ்விட்ச் ‘யூபிஎஸ்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பை 4 வரையுள்ள மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. இணையம் வந்த பிறகுதான் சரியான நேரம் தெரியும். சில மாதம் அணைத்து வைத்திருந்த பிளேயர் பழைய தேதியோடு எழுந்தால், ஸ்ட்ரீமிங் சேவைகளின் பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்னும் செல்லாது’ என்று இணைப்பு மறுக்கப்படும். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, தேதியைப் பாருங்கள். பை 5-ல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரியை மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

காலை 5 மணிக்கு வைத்த பக்திப் பாடல் 10:30-க்குப் பாடினால் பிளேயர் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள்.

கூடத்திலும் சமையலறையிலும் பாட்டு ஒன்று சேரவில்லை

முதலில், வித்தியாசம் நிலையானதா, வளர்கிறதா? பாட்டு தொடங்கியதும் கேளுங்கள், அரை மணி கழித்துக் கேளுங்கள்.

வளர்ந்தால் இரண்டும் தனித்தனிக் கிளாக்கில் ஓடுகின்றன, ஒத்திசைவே நடக்கவில்லை. பத்து லட்சத்தில் 100 பங்கு வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் 360 மில்லிசெகண்ட் ஆகிவிடும். ஒரே செயலியிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்குத் தனித்தனியாக அனுப்பியிருப்பீர்கள். ஏர்பிளே 2, ஸ்னாப்காஸ்ட், லிரியன் மியூசிக் சர்வர் போன்ற ஒன்றில் ‘குரூப்’ ஆக்குங்கள். இவை எல்லாப் பிளேயரின் கிளாக்கையும் ஒப்பிட்டு, பின்தங்குவதைத் திருத்திக்கொண்டே போகும். வெவ்வேறு முறைகளைக் கலக்காதீர்கள்.

நிலையாக இருந்தால் ஏதோ ஒரு கருவிக்குப் பின்னால் கூடுதல் தாமதம் ஒளிந்திருக்கிறது. டிவியின் ஒலிச் செயலாக்கம் ஒன்று, புளூடூத் ஸ்பீக்கர் இன்னொன்று. புளூடூத் மட்டுமே 150 முதல் 250 மில்லிசெகண்ட் வைக்கும். பிந்துவதை முந்தவைக்க முடியாது, முந்துவதைத்தான் பிந்தவைக்க வேண்டும். சீரான தாளத்தட்டு உள்ள கோப்பை ஓட்டி, இரண்டு அறைக்கும் நடுவில் கதவோரம் நின்று, 10 மில்லிசெகண்ட் படியாகத் தாமதத்தை ஏற்றுங்கள். 30, 40 மில்லிசெகண்டுக்கு மேல் இரண்டு தட்டாகக் கேட்கும். அதற்குக் கீழே ஒன்றாகி, குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அங்கிருந்து 1 மில்லிசெகண்ட் படிக்கு இறங்குங்கள். நம் ஊர் வெக்கையில் ஒலி 1 மில்லிசெகண்டில் 35 சென்டிமீட்டர் போகிறது. 7 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கர் எப்படியும் 20 மில்லிசெகண்ட் பிந்தித்தான் காதுக்கு வரும். எல்லா இடத்திலும் நின்று ஒத்துப்போகச் செய்ய முடியாது. அதிகம் உட்காரும் நாற்காலிக்குச் சரிசெய்துவிட்டு விடுங்கள்.

ஸ்னாப்காஸ்டில் அவ்வப்போது ஒரு ஸ்பீக்கர் மட்டும் விலகி ஒட்டினால், வழக்கமான 1,000 மில்லிசெகண்ட் பஃபரை 1,500 ஆக்குங்கள். பொத்தானை அழுத்தி ஒன்றரை நொடி கழித்துப் பாட்டு வரும், அவ்வளவுதான்.

எதுவும் விடவில்லை, ஆனாலும் ‘உயிரில்லை’

இங்கேதான் ஜிட்டர் என்ற சொல் விலை உயர்ந்த பொருட்களை விற்கிறது. ஜிட்டர் உண்மைதான்: ஒவ்வொரு சாம்பிளும் வெளியேறும் கணம் மிகச் சிறிதாக முன்பின் ஆவது. ஆனால் அது நடக்கும் இடம் டிஏசியின் கிளாக், லேன் கேபிள் இல்லை. கேபிளில் வந்த பிட்டுகள் பஃபரில் காத்திருந்து, டிஏசியின் கிரிஸ்டல் சொல்லும்போதுதான் வெளியே போகின்றன. 10 கிலோஹெர்ட்ஸ் டோனில் 1 நானோசெகண்ட் ஜிட்டர் உண்டாக்கும் இரைச்சல், டோனுக்கு 84 டெசிபல் கீழே கிடக்கும். 2005-ல் ஜப்பானில் வெளியான ஒரு ஆய்வில், இசையில் சீரற்ற ஜிட்டரை மக்கள் கண்டுபிடிக்க அது பல நூறு நானோசெகண்ட் அளவுக்குப் போக வேண்டியிருந்தது.

செய்யத் தக்கவை சில உண்டு. ராஸ்பெரி பையே கிளாக் கொடுக்கும் மலிவு போர்டிலிருந்து, தனக்கென இரண்டு கிரிஸ்டல் வைத்த போர்டுக்கு மாறலாம். உலோகக் கவசம் போட்ட லேன் கேபிள் இரண்டு கருவிகளின் தரையையும் இணைத்து இரைச்சல் கொண்டுவரும். கவசமில்லாத சாதாரண யூடிபி கேபிளே நல்லது. புதிதாக எதை வாங்கினாலும், வேறொருவர் மாற்றிக் கொடுக்க, எது எது என்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் காலத்துக்குள்.

திரையில் நேரம் தவறு, நடுவில் தாவினால் வேறெங்கோ போகிறது

பிட் ரேட் மாறிக்கொண்டே இருக்கும் (விபிஆர்) எம்பி3 கோப்பில், நீளத்தைச் சொல்லும் தொடக்கத் தலைப்பு இல்லாமல் போனால், பிளேயர் மொத்த நீளத்தைக் குத்துமதிப்பாகப் போடும். ஃபூபார்2000 மென்பொருளில் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து, யுட்டிலிட்டீஸ் பகுதியில் விபிஆர் எம்பி3 தலைப்பைச் சரிசெய்யும் கட்டளையைக் கொடுங்கள். ஒலியைத் தொடாது, தலைப்பை மட்டும் எழுதும். முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளேயரின் பாட்டுப் பட்டியலைப் புதுப்பித்தால்தான் புதிய நேரம் திரையில் தெரியும்.